ஒன்றாக்குவதா, உறவாடுவதா?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பிறகு, தென்கொரியாவில் வேலை செய்து விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நம் பகுதி இளைஞர் ஒருவர் பங்கு இல்லத் திண்ணையில் வந்து அமர்ந்தார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மிகப்பெரிய அரங்கம். வெள்ளை உடையில் மணமகளும் கறுப்புக் கோட்டில் மணமகனுமாக ஆயிரக்கணக்கான இணைகள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"சாமி, என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர் இந்தச் சபைக்காரர். எந்த மதமா இருந்தாலும் வரலாம், மதம் மாற வேண்டாம், எல்லா மதமும் ஒரே குடும்பம்தான், வந்து கல்யாண ஆசீர் வாங்கிக்கோன்னு கூப்பிடுறார். நம்ம திருச்சபையும் பல்சமய உரையாடல்னுதானே சொல்லுது? அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. "அதெல்லாம் தப்பு, போகாதே" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. அன்று அவரிடம் பேசியதையும், பிறகு நாம் படித்துச் சிந்தித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். வெளிநாடுகளில் வேலை செய்யும் பிள்ளைகள் இன்று நம் பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் பல வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே இது ஒருவருடைய கேள்வி மட்டும் அல்ல.

யார் இவர்கள்?

அந்த இளைஞர் காட்டிய படம் 'யூனிஃபிகேஷன் சர்ச்' எனப்படும் ஒருங்கிணைப்புச் சபையின் திருமண விழா. நாம் ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை செபிக்கும் கிறித்தவ ஒன்றிப்பு வாரத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

இச்சபையை நிறுவியவர் சன் மியுங் மூன். 1920இல் இன்றைய வடகொரியப் பகுதியில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு பிரெஸ்பிட்டேரியன் கிறித்தவரானார். 1935ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் இயேசு தமக்குத் தோன்றி, முடிக்கப்படாத தம் பணியை முடிக்கும்படி கேட்டதாகச் சொன்னார். 1954இல் சியோல் நகரில் சபையைத் தொடங்கினார். அவருடைய போதனைகளின் முழு விளக்கம் 'இறைக் கோட்பாடு' என்ற பொருள் தரும் பெயரில் 1966இல் கொரிய மொழியில் நூலாக வந்தது. 2012 செப்டம்பர் 3 அன்று அவர் இறந்தார். அவருக்குப்பின் மனைவி ஹாக் ஜா ஹான் தலைமை ஏற்றார். மகன்களுள் சிலர் பிரிந்து சென்று தனி அமைப்புகளை நடத்துகிறார்கள். எல்லாரையும் ஒன்றாக்கப் புறப்பட்ட குடும்பம் தானே பிளவுபட்டது வருத்தத்துக்குரியது. அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. நம் திருச்சபை வரலாற்றிலும் பிளவுகள் உண்டு.

என்ன போதிக்கிறார்கள்?

அவர்களது இறையியலை நான்கு கருத்துகளாகச் சுருக்கிச் சொல்லலாம்.

முதலாவது, கடவுளில் ஆண்மையும் பெண்மையும் இணைந்திருக்கின்றன; அவர் நம் வானகப் பெற்றோர். கிழக்காசியாவின் யின்-யாங் சிந்தனையும், குடும்பத்தை அனைத்துக்கும் அடித்தளமாகக் கொள்ளும் கன்பூசிய மரபும் இதில் கலந்திருக்கின்றன. கிறித்தவ நம்பிக்கையைக் கொரியப் பண்பாட்டின் கண்கொண்டு பார்க்க அவர்கள் முயன்றதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, முதல் பெற்றோரின் பாவம் பாலியல் சார்ந்தது. ஏவாள் வானதூதனோடு தவறான உறவு கொண்டு, பின் உரிய காலத்துக்கு முன்பே ஆதாமோடு இணைந்தாள். அதனால் மனித குலத்தின் இரத்த வழியே கறைபட்டது என்பது அவர்கள் விளக்கம்.

மூன்றாவது, இயேசு மணம் புரிந்து, பாவமற்ற குடும்பத்தைத் தொடங்க வந்தவர். மக்கள் அவரை ஏற்காததால் சிலுவை நேர்ந்தது. ஆகவே அவர் தந்தது ஆன்மிக மீட்பு மட்டுமே. உடல் சார்ந்த மீட்பு எஞ்சி நிற்கிறது என்கிறார்கள்.

நான்காவது, எஞ்சியதை நிறைவேற்ற இரண்டாம் வருகையின் ஆண்டவர் கொரியாவில் பிறக்க வேண்டும். 1960இல் மணம் புரிந்த மூன் இணையரே மனித குலத்தின் 'உண்மைப் பெற்றோர்'. அவர்கள் வழங்கும் திருமண ஆசீரில் பருகும் புனித இரசம் ஒருவரைப் பழைய இரத்த வழியிலிருந்து புதிய வழிக்கு மாற்றுகிறது.

நமது நம்பிக்கையோடு இது எங்கே மோதுகிறது என்பது இப்போது தெரியும். ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் அறிக்கையிடுவது சிலுவையில் நிறைவேறிய மீட்பை. சிலுவை ஒரு தோல்வி, மீதியை வேறொருவர் முடிக்க வேண்டும் என்றால், நற்கருணைக்கு என்ன பொருள்? அமெரிக்காவின் தேசியக் கிறித்தவ சபைகள் மன்றம் 1977இலேயே இப்போதனையை ஆராய்ந்து, இதைக் கிறித்தவ சபையாக ஏற்க முடியாது என்று அறிவித்தது.

அவர்களின் உரையாடல்

இவ்வளவு இருந்தும், பிற சமயங்களோடு உறவாடுவதில் அவர்கள் காட்டிய ஊக்கம் பெரிது. 1975இல் நியூயார்க் மாநிலத்தில் அவர்கள் தொடங்கிய இறையியல் கல்லூரியில் யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டினர் எனப் பலரும் பேராசிரியர்களாக இருந்தனர். 1985இல் உலகச் சமயங்களின் பேரவை ஒன்றைக் கூட்டினார்கள். 1991இல் பல சமய மறைநூல்களின் பகுதிகளைப் பொருள்வாரியாகத் தொகுத்துப் பெரிய நூலாக வெளியிட்டார்கள். 2005இல் அமைதிக்கான உலகளாவிய கூட்டமைப்பை ஏற்படுத்தினார்கள். 1988இல் சுமார் 6,500 இணைகளுக்கு மணம் முடித்துவைத்தார்கள். அவர்களுள் மிகப் பலர் ஒருவர் கொரியர், மற்றவர் ஜப்பானியர். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் அடிமைத்தனத்தில் துன்புற்ற நாடு கொரியா என்பதை நினைத்தால், இது எளிய செயல் அல்ல.

அப்படியானால் குறை எங்கே? அழைப்பிதழில் "மதம் மாற வேண்டாம்" என்று இருக்கிறது. ஆனால் அந்த இரசத்தைப் பருகுவதன் பொருளை முடிவு செய்பவர்கள் அழைத்தவர்கள்தான். எல்லாச் சமயங்களும் ஒரு குடும்பம் என்று சொல்லும்போதே, அக்குடும்பத்தின் தாயும் தந்தையும் யார் என்பதும் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மற்றச் சமயங்கள் அந்தப் பெற்றோரை நோக்கி வரும் வழியில் உள்ள படிகள். வருங்காலத்தில் உலகம் முழுவதும் ஒரே மொழி பேசும், அது பெற்றோரின் மொழியான கொரிய மொழி என்றும் அவர்களது நூல் எதிர்பார்க்கிறது.

நம்மவர் ஒருவரின் கதை இங்கே பாடமாகிறது. சாம்பியா நாட்டின் லுசாகா உயர்மறைமாவட்டப் பேராயராக இருந்தவர் இம்மானுவேல் மிலிங்கோ. 2001 மே மாதம் நியூயார்க்கில் மூன் நடத்திய விழாவில் ஒரு கொரியப் பெண்ணை மணந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலைச் சந்தித்துத் திரும்பி வந்தார். 2006இல் மீண்டும் விலகி, மணமான நால்வரைத் தாமே ஆயர்களாகத் திருநிலைப்படுத்தியதால் திருச்சபை உறவிலிருந்து நீக்கப்பட்டார். 2009இல் குருத்துவ நிலையிலிருந்தும் விலக்கப்பட்டார். ஒரு பேராயருக்கே இப்படி நேர்ந்தது என்றால், தனியே வெளிநாட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஜப்பானில் 2022 ஜூலை 8 அன்று முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவரின் தாய் இச்சபைக்கு 10 கோடி யென்னுக்கும் மேல் காணிக்கை கொடுத்துக் குடும்பமே நொடித்துப்போனதும், அந்தக் கோபமே கொலைக்குத் தூண்டியதும் பிறகு தெரியவந்தன. காணிக்கை திரட்டிய முறைகளை விசாரித்த டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2025 மார்ச் 25 அன்று அச்சபையின் சட்டபூர்வ அமைப்பைக் கலைக்க ஆணையிட்டது. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் இச்சபையில் சேர்ந்த பிள்ளைகளைச் சில குடும்பங்கள் கடத்திப்போய் அறையில் அடைத்து மனம் மாற்ற முயன்றன. அதுவும் பெரிய தவறு. நம்பிக்கையைத் திணிக்கவும் கூடாது, பிடுங்கவும் கூடாது.

ஏலாக்குறிச்சி தரும் பாடம்

"அப்ப உரையாடல்னா என்ன சாமி?" என்று இளைஞர் கேட்டார். அதற்கு விடை தேட ரோமைக்குப் போக வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சிக்குப் போனால் போதும் என்றோம்.

அடைக்கல அன்னையின் அந்தத் திருத்தலத்தில்தான் வீரமாமுனிவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680இல் இத்தாலியில் பிறந்தவர். இயேசு சபைக் குருவாக 1710இல் கோவா வந்து இறங்கி, பின் தமிழகம் வந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. முதலில் அவர் செய்த வேலை, பலகை எதிரே உட்கார்ந்து மாணவராகத் தமிழ் படித்தது. காவி உடுத்தினார், மரக்கறி உணவு உண்டார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று அழகிய தமிழ்ப் பெயர் சூட்டி, அதன்மேல் கலம்பகம் பாடினார்.

1726இல் முடித்த 'தேம்பாவணி'யில் 3,615 பாடல்கள். புனித யோசேப்பு அதில் வளன் ஆகிறார். திருமுழுக்கு யோவான் கருணையன் ஆகிறார். யூதேயா நாட்டைத் தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் என்று வருணிக்கிறார். 1732இல் 'சதுரகராதி' தந்தார். குறில் எகர ஒகரங்களையும் நெடில்களையும் எழுத்தில் வேறுபடுத்திக் காட்ட வழி செய்தார். இன்று இந்த வரிகளைத் தடுமாற்றமின்றி நீங்கள் படிப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். நம் அறநூலை எடுத்துப்போய்த் தம் மக்களுக்குப் படிக்கக் கொடுத்தார்.

இங்கே வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரு வழியில் உலகமே 'பெற்றோரின்' மொழியைக் கற்க வேண்டும். மற்ற வழியில் வந்தவர் நம் மொழியைக் கற்கிறார். பெந்தக்கோஸ்து நாளில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே மொழி பேசத் தொடங்கவில்லை. ஒவ்வொருவரும் தம் தாய்மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டனர் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. தூய ஆவியார் தரும் ஒற்றுமை இத்தகையது.

அரியலூரை ஆண்ட மழவராயருக்கு வந்த கொடிய கட்டியை முனிவர் குணமாக்கினார் என்றும், நன்றியாக அவர் ஆலயத்துக்கு நிலம் அளித்தார் என்றும் ஏலாக்குறிச்சி மரபு சொல்கிறது. மழவராயர் தம் சமயத்திலேயே இருந்தார். முனிவரும் தம் நம்பிக்கையை மறைக்கவில்லை. இன்றும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவோரில் இந்துச் சகோதரிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை.

குறைகளையும் மறைக்க வேண்டாம். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை வீரமாமுனிவர் தம் நூல்களில் கடுமையாகச் சாடினார். பண்பாட்டோடு உரையாடத் தெரிந்தவருக்கு உடன் கிறித்தவரோடு உரையாடத் தெரியவில்லை. அந்தப் பகை தணிய நெடுங்காலம் ஆயிற்று. மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவராவது பற்றிய கூட்டு அறிக்கையில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் 1999 அக்டோபர் 31 அன்றுதான் கையெழுத்திட்டனர். 1606இல் மதுரை வந்த தத்துவப் போதகர் இராபர்ட் தெ நொபிலி தொடங்கிய மதுரை மறைத்தளம், தமிழ்ப் பண்பாட்டை ஏற்றபோது அதனோடு ஒட்டியிருந்த சாதிப் பிரிவினையையும் ஏற்றுக்கொண்டது. ஒரு சாராருக்கு ஒருவகைக் குரு, மற்றவருக்கு வேறுவகைக் குரு என்று வைத்தது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

திருச்சபை காட்டும் வழி

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று பிற சமயங்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அச்சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கும் எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அது தெளிவாக்கியது. ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு 1974இல் தைப்பேயில் கூடியபோது, பண்பாடுகளோடும் சமயங்களோடும் ஏழைகளோடும் என மூன்று உரையாடல்களை முன்வைத்தது. ஏழைகளைச் சேர்த்ததை மறந்துவிட வேண்டாம். 1991இல் வத்திக்கான் வெளியிட்ட ஏடு உரையாடலை நான்காக வகுத்தது:

1. அண்டை வீட்டாராய் இன்ப துன்பங்களைப் பகிரும் வாழ்வு உரையாடல்.
2. பொது நலனுக்காக இணைந்து உழைக்கும் செயல் உரையாடல்.
3. அறிஞர்கள் நடத்தும் இறையியல் உரையாடல்.
4. செபம், தியானம் ஆகியவற்றின் செல்வங்களைப் பகிரும் ஆன்மிக அனுபவ உரையாடல்.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1986 பிப்ரவரியில் சென்னை இராஜாஜி மண்டபத்தில் பிற சமயத் தலைவர்களைச் சந்தித்தார். அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று அசிசியில் உலகச் சமயத் தலைவர்கள் கூடினர். செபிப்பதற்காக ஒன்றுகூடினார்கள், ஆனால் எல்லாச் செபங்களையும் கலந்து ஒரே செபமாக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் மரபுப்படி செபித்தனர், மற்றவர் அமைதியாக மதித்து நின்றனர். அங்கே யாரும் யாருக்கும் இரசக் கிண்ணம் நீட்டவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆண்டவர் இயேசு' அறிக்கை, கிறிஸ்து ஒருவரே அனைவருக்கும் மீட்பர் என்பதை உறுதிப்படுத்தியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே கத்தோலிக்க வழி. நம்பிக்கையில் உறுதி வேண்டும். அடுத்தவரின் நம்பிக்கைக்கு முன் பணிவும் வேண்டும்.

இது எளிதல்ல என்பதற்குக் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனமே சான்று. 1950இல் அதை நிறுவிய இரு பிரெஞ்சுக் குருக்களில் அபிஷிக்தானந்தர் அத்வைத அனுபவத்தில் ஆழமாக இறங்கினார். மோன்சானின் அடிகளாருக்கு அதில் தயக்கம் இருந்தது. திரித்துவ நம்பிக்கை கரைந்துவிடுமோ என்று கவலைப்பட்டார். நண்பர்கள் இருவரும் அந்தக் கவலையை மறைக்கவில்லை. உண்மையான உரையாடலில் இப்படிப்பட்ட வலியும் உண்டு.

கேள்விக்குள் இருந்த கேள்வி

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த அந்த இளைஞர் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "சாமி, நான் விரும்புற பொண்ணும் நம்ம கோயில் பொண்ணுதான். ஆனா வேற தெரு. ரெண்டு வீட்லயும் முடியாதுன்னுட்டாங்க. அங்க கொரியாக்காரனுக்கும் ஜப்பான்காரிக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறாங்க. இங்க ஒரே நற்கருணை வாங்குற ரெண்டு பேருக்கு முடியல. அதான் கேட்டேன்."

நமக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. ஒருங்கிணைப்புச் சபையின் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்ன நம்மிடம் இதற்கு ஆயத்தமான பதில் இல்லை.

திருச்சபைச் சட்டப்படி இந்தத் திருமணத்துக்கு என்ன தடை? ஒரு தடையும் இல்லை. கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெறாதவரை மணக்கவே ஆயரிடம் விலக்குப் பெற வேண்டும். இங்கே இருவரும் திருமுழுக்குப் பெற்றவர்கள். முறைப்படி ஓலை வாசித்தால் போதும். தடையை வைத்திருப்பது தெரு. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, கிறித்தவருக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தால்கூட அது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று எச்சரித்தார். அப்போது நாம் வாசித்து மகிழ்ந்தோம், கோப்பில் வைத்தோம். சில ஊர்களில் கல்லறையில்கூட இன்னும் தனித்தனிப் பக்கம். குருக்களாகிய நாமும் "ஊர்க் கட்டுப்பாடு" என்று சொல்லி ஒதுங்கிய நாள்கள் உண்டு. அதற்காக உங்கள் முன் வருந்துகிறோம்.

பிற சமயத்தவரோடு உரையாடல் நம் ஊர்களில் ஓரளவு நன்றாகவே நடக்கிறது. லப்பைக்குடிகாட்டு இசுலாமியரோடும் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகும் அண்டை வீட்டாரோடும் சந்தையிலும் சாவு வீட்டிலும் சேர்ந்தே நிற்கிறோம். சின்ன வெங்காயம் அறுக்கும்போதும் மக்காச்சோளம் அடிக்கும்போதும் யாரும் யாருடைய சமயத்தையும் கேட்பதில்லை. சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட இயேசு (யோவா 4) இதைப் பார்த்து மகிழ்வார். ஆனால் அதே இயேசு நம் பந்தியில் எந்தத் தெருவில் உட்காருவார் என்று கேட்டால், நாம் என்ன சொல்வோம்?

இனி என்ன செய்யலாம்?

இப்படிப்பட்ட அழைப்பு வந்தால், அழைத்தவரை இகழாமல் நன்றி சொல்லுங்கள். நண்பராக உறவாடுங்கள், அவர்களின் நல்லெண்ணத்தை மதியுங்கள். ஆனால் அந்த ஆசீரையும் இரசத்தையும் ஏற்க வேண்டாம். அதை ஏற்பது வேறொருவரை மீட்பராக ஏற்பது. ஆலயத்தில் நீங்கள் பெற்ற திருமண அருளடையாளம் முழுமையானது. மேலும் ஒன்று சேர்க்கத் தேவையில்லை. குடும்பத்தோடு ஒருமுறை ஏலாக்குறிச்சி செல்லுங்கள். பிள்ளைகளுக்கு வீரமாமுனிவரின் கதையைச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு பேசும்போது பணம் அனுப்பியதைக் கேட்பதோடு நிறுத்தாமல், எந்தக் கோயிலுக்குப் போகிறான், யாரோடு பழகுகிறான் என்றும் கேளுங்கள்.

அந்த இளைஞர் விடுமுறை முடிந்து திரும்பிவிட்டார். அந்த விழாவுக்குப் போகவில்லை என்று செய்தி அனுப்பினார். இரு வீட்டுக்கும் நாம் இருமுறை சென்று வந்தோம். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள், பேச்சை மாற்றினார்கள். இன்னொரு வீட்டில் பாட்டி மட்டும் வாசல்வரை வந்து, "திரும்ப வாங்க சாமி" என்றார். மீண்டும் போவோம். உங்கள் செபம் வேண்டும்.

சிந்தனைக்கு:

1. பிற சமய நண்பர் ஒருவரிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட நல்ல பண்பு எது?
2. நம் நம்பிக்கையை அவர் கேட்டால், சண்டையின்றித் தெளிவாகச் சொல்ல நமக்குத் தெரியுமா?
3. நம் பங்கில் நாம் இன்னும் உள்ளே போகாத வீடு எது? ஏன்?

அடைக்கல அன்னையே, உம் மக்கள் அனைவரும் ஒரே பந்தியில் அமரும் நாளுக்காக எங்களோடு சேர்ந்து உம் மகனிடம் மன்றாடும். ஆமென்.